பங்காளியா, மச்சானா?

கேஸட்டின் அட்டையில் இருந்த பெயரை நான் உரக்கப் படித்தபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கலோனியல் கஸின்ஸ்."

"அப்படின்னா இன்னா?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். வெள்ளைக்காரன் ஆட்சியால் உறவான சொந்தக்காரர்கள் என்று அர்த்தம். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"தொர நமக்கு எப்போடி சொந்தக்காரன் ஆனான்? சரி, ஆனான்னே வச்சுக்க. பங்காளியா, மச்சானா?"

நடந்தது 1996இல். இடம், கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் ஒரு தொழிலாளர் லைன். எனக்கு வயது 17. பி.யூ.சி. முடித்து, பெங்களூரில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்திருந்தேன். கேஸட் வகுப்புத் தோழியுடையது. இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். ஆயாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்த ஆல்பத்தை எத்தனையோ முறை கேட்டுவிட்ட பிறகு, அதைப் பற்றி யாரும் கேட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் 'கஸின்' என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. தமிழில் முடியாது. அப்பாவின் அண்ணன் மகன் பங்காளி. சொத்தில் பங்கு உள்ளவன், ஆகையால் சண்டைக்கும் உரியவன். மாமன் மகன் அப்படியல்ல. அவனோடு கேலி பேசலாம், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். ஒருவனோடு வேலி, மற்றவனோடு விருந்து. இரண்டு இசைகள் சந்திக்கும்போதும் இந்தக் கேள்வி எழத்தான் செய்கிறது.

ஆல்பத்தைச் செய்தவர்கள் இருவர். ஹரிஹரன், கர்நாடக இசைக் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்த தமிழர். தாய் அலமேலு பாடகி. உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி கற்று, கஜல் பாடிப் பெயர் வாங்கியவர். லெஸ்லி லூயிஸ் மும்பைக்காரர். கிடார் கலைஞர். இந்திப் பட நடன இயக்குநர் பி.எல். ராஜின் மகன். விளம்பரப் பாடல்களுக்காக ஸ்டூடியோவில் சந்தித்துப் பழகியவர்கள், சேர்ந்து ஒரு குழுவானார்கள். முதல் ஆல்பம் 1996இல் குழுவின் பெயரிலேயே வந்தது. அந்த ஆண்டே எம்.டி.வி. பார்வையாளர் விருதும் கிடைத்தது.

எங்கள் வீட்டில் ஹரிஹரனின் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. 1992இல் 'ரோஜா' வந்ததிலிருந்து 'தமிழா தமிழா' லைனில் ஒலிக்காத நாள் குறைவு. அதற்குக் காரணம் இசை மட்டும் அல்ல. அதற்கு முந்தைய டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். சித்தியின் குடும்பம் இரண்டு துணிமூட்டைகளோடு வந்து எங்கள் ஒற்றை அறையில் பத்து நாள் தங்கியது. அந்த நாட்களில் ரயிலில் போகும் போது அம்மா எங்களை வாயைத் திறக்காதே என்பாள். தமிழில் "தண்ணி" என்று கேட்பதற்குக்கூட பயந்தோம். அதன் பின் வந்த பாட்டு என்பதால் பெரியவர்கள் அதைக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தித்தான் கேட்டார்கள்.

அதே குரல், நாலு வருஷம் கழித்து, இந்தக் கேஸட்டில் கன்னடத்தில் பாடியது.

பாட்டின் பெயர் 'கிருஷ்ணா'. அதன் உயிர் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்ற பழைய கன்னடக் கீர்த்தனை. இயற்றியவர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வியாசராயர். புரந்தரதாசருக்கும் கனகதாசருக்கும் குரு. பாலசரஸ்வதியின் அபிநயத்தால் உலகம் அறிந்த பாட்டு. பழைய மெட்டை அதிகம் கலைக்காமல் ஹரிஹரன் அதைப் பாட, நடுவில் ஆங்கில வரிகள் வருகின்றன. உலகில் இவ்வளவு துயரம் இருக்கிறதே, ஏசுவாக வா, ராமனாக வா, அல்லாவாக வா, எந்த வடிவிலாவது வா என்பதுதான் அவற்றின் சாரம். 1992–93 கலவரங்களைப் பார்த்த நகரத்தில் வாழ்ந்த இருவர் பாடியது என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வேண்டுதலின் அவசரம் புரியும்.

முதல் நாள் இரவு அப்பா பகல் ஷிஃப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டேப் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் வரும்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர், கன்னடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"பாரோன்னா இன்னா தெரியுமா? வாடா. சாமிய வாடான்னு கூப்பிடறான்."

சென்னையில் இருந்த என் மாமா மகளுக்கு அந்தச் சொல் 'பார்' என்றுதான் கேட்டதாம். சீக்கிரம் என்னைப் பார் என்று கண்ணனிடம் கெஞ்சுவதாக நினைத்திருக்கிறாள். அதுவும் மோசமில்லை. ஆனால் எங்கள் தெருவில் கோலி விளையாடும் பையன்கள் ஒருவரையொருவர் நாள் முழுக்க "பாரோ" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஐந்து நூற்றாண்டுப் பழைய பக்திப் பாட்டும் எங்கள் லைன் பையன்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று அப்பா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. வியாசராயர் இளமையில் காஞ்சியில் படித்தவர். அதன் பிறகு ஸ்ரீபாதராயரிடம் பாடம் கேட்க வந்து தங்கிய ஊர் முல்பாகல். கோலார் மாவட்டம். எங்களுக்குப் பக்கத்துத் தாலுகா. பெரியப்பா தக்காளி வாங்க பஸ்ஸில் போய் வருகிற ஊர். உலகம் முழுக்க எம்.டி.வி.யில் ஓடிய பாட்டின் வேர், தமிழ்நாட்டில் படித்து எங்கள் பக்கத்து ஊரில் படிப்பை முடித்த ஒரு கன்னடக்காரரிடம் இருந்தது.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பதைச் சொல்ல, ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலை எடுத்துக்கொண்டது. பூமிக்குள் இறங்க ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெரும்பாலோர் சேரியில் பிறந்து, சொந்த ஊரில் ஒரு காணி நிலம்கூட இல்லாதவர்கள். என் பாட்டனாரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து அப்படித்தான் வந்தார். துரைகளுக்கு மேட்டில் பங்களா, தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். ஊரையே 'லிட்டில் இங்கிலாந்து' என்றார்கள். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடு. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் பயணம் செய்து இங்கே வந்தது. நாடு முழுக்க விளக்கேற்றும் முன்பே சுரங்கம் மின்சாரத்தில் ஓடியது. பிறகு எந்தக் காவிரியை வைத்து ஆளை ஆள் அடித்துக்கொண்டார்களோ, அதே காவிரி.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அங்கே இறங்கியவர்களில் தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி, ஆங்கிலோ இந்தியர் எல்லாரும் உண்டு. கீழே எல்லாருக்கும் புரிகிற ஒரு பேச்சு தானாக உருவாகிவிட்டது. அது மேலே வந்து தெருவிலும் வீட்டிலும் புகுந்தது. ஒரே வாக்கியத்தில் தமிழ் வினை, கன்னட விளி, ஆங்கிலப் பெயர்ச்சொல், கொஞ்சம் தெலுங்கு. எங்களுக்கு அது இயல்பு. வெளியே போனால் அதுவே அவமானம்.

கல்லூரியில் முதல் மாதம், கேண்டீனில் நான் கன்னடத்தில் டீ கேட்டதும் பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். "கே.ஜி.எஃப்.பா நீ? கன்னடம் பேசறப்பவே தெரியுது." விடுமுறையில் குடியாத்தம் போனால் அத்தை வீட்டில் சிரித்தார்கள். "இது இன்னா தமிழு?" ஆங்கிலம் பேசினாலும் தப்பவில்லை. அது ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வந்த ஆங்கிலம், கான்வென்ட் ஆங்கிலம் இல்லை. மூன்று மொழி தெரிந்தும், ஒரு மொழியிலும் வீடு இல்லாதவள் என்று என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கேஸட் கையில் வந்தது. கன்னடமும் ஆங்கிலமும் ஒரே பாட்டில், பக்கத்தில் பக்கத்தில், மன்னிப்புக் கேட்காமல் நிற்கின்றன. பாடுகிறவர் தமிழர். 'ஸ நி த ப' என்று இன்னொரு பாட்டு, ஸ்வரங்களின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஆங்கிலத்தோடு ஓடுகிறது. 'இண்டியன் ரெயின்' என்று ஒரு மழைப் பாட்டு. மழை பெய்தால் சைனைடு மேட்டிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்து வரும் எங்கள் ஊரில், மழையை இப்படிக் காதலித்துப் பாட முடியுமா என்று ஆச்சரியப்பட்டோம். ஆனாலும் கேட்டோம். இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டிய கேஸட்டை, பெரியப்பா வீட்டு இரட்டை டெக்கில் போட்டு இரவோடு இரவாகக் காப்பி எடுத்துக்கொண்டேன்.

கேஸட்டைத் திருப்பித் தந்த அன்று மாலை, ஆயாவின் கேள்வியை அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்தபடி யோசித்தார்.

"கேஜுல ஏறிட்டா எல்லாம் மச்சான்தான். எவன் இன்னா பாஷை, இன்னா சாதின்னு யாரு பாக்கறது? மேல்கல்லு இடிஞ்சா எல்லார் தலையிலயும் விழும். மேல வந்து கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வர்றோம் பாரு, அப்பதான் பங்காளி ஆவறோம்."

இந்த ஆல்பத்தின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் கலப்பிசை என்ற பெயரில் வந்தவற்றில் பல, பங்காளிச் சண்டை போல் இருக்கும். இவர் ஒரு சுற்று, அவர் ஒரு சுற்று. தபலா தன் பங்கைக் காட்டும், கிடார் தன் பங்கைக் காட்டும். கடைசியில் இருவரும் வேகமாக ஓடி முடிப்பார்கள். கைதட்டலாம், வீட்டுக்கு வந்து முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சாது.

இங்கே நடந்தது கொடுக்கல் வாங்கல். நம் சங்கீதத்துக்கு ஆதாரம் மாறாத ஸ்ருதி. கிடாருக்கோ கார்டு மாறிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. லெஸ்லி, பழைய கீர்த்தனையின் அடியில் கார்டுகளை மெதுவாக நகர்த்துகிறார். மெட்டு மாறவில்லை, அது நிற்கிற தரை மாறுகிறது. அதனால் தெரிந்த வரியே வேறு ஏக்கத்தோடு ஒலிக்கிறது. பதிலுக்கு ஹரிஹரன் தன் கமகத்தைக் கொண்டுபோய் ஆங்கிலப் பாட்டின் ஓரத்தில் வைக்கிறார். அவர் வெள்ளைக்காரனைப் போல் பாட முயலவில்லை. இவர் சித்தாரைப் போல் கிடாரை வாசிக்க முயலவில்லை. பெண் கொடுத்த வீட்டிலும் எடுத்த வீட்டிலும் அவரவர் சமையல் அவரவருக்கு. பந்தியில் மட்டும் சேர்ந்து உட்காருகிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆல்பம் பழையதாகாததற்குக் காரணம் இதுதான். சிந்தசைஸர் ஒலியை நம்பி அப்போது வந்த எத்தனையோ பாப் ஆல்பங்களை இன்று போட்டால் அவை வந்த ஆண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். கிடாரையும் குரலையும் நம்பிய இந்தப் பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவர்களே பிறகு செய்தவற்றில் இது திரும்ப வாய்க்கவில்லை என்பது என் எண்ணம். 1998இலும் 2001இலும் அடுத்தடுத்த ஆல்பங்கள் வந்தன. 2009இல் 'மோதி விளையாடு' படத்துக்கு இசையமைத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கேட்டேன். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் முதல் சந்திப்பில் இருக்கும் கூச்சமும் துணிச்சலும் இரண்டாம் தரம் வருவதில்லை.

குறையும் உண்டு. ஆயாவின் சிரிப்பில் இருந்தது அதுதான். துரை பங்களாவில் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்தவள் அவள். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தவள். 'கலோனியல்' என்ற சொல்லை ஒரு விளையாட்டுப் பெயராகச் சூட்டிக்கொள்ள மும்பையின் ஸ்டூடியோவில் முடியும். கொலோனியின் உறவு எங்களுக்கு வந்தது நுரையீரலில் படிந்த கல் தூசியாக. எந்தக் கடவுளாவது வரட்டும் என்று பாடுவது எளிது. 1991 டிசம்பரில் எங்கள் சித்தியைத் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இரண்டு இரவு மறைத்து வைத்துப் பிறகு ரயிலேற்றி அனுப்பியவள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள். அவள் எந்தப் பாட்டும் பாடவில்லை. அன்று பார்த்து கதவைத் திறந்தாள், அவ்வளவுதான். ஒரு பாட்டு அந்தக் கதவைத் திறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. திறந்தவர்களைப் பாட்டு ஞாபகப்படுத்தும். அது போதும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருந்த ஊரில், ஷிஃப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. சங்கு இல்லாமல் எத்தனை மணி என்று தெரியாமல் ஆயா சில மாதம் தடுமாறினாள். அப்பாவுக்கு அப்போது 49 வயது. பூமிக்குக் கீழே இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவருக்குப் பூமிக்கு மேலே கிடைத்த வேலை, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல்.

நானும் அப்போது பெங்களூரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். விடியும் முன் இருவரும் ஒரே ரயிலுக்குக் கிளம்புவோம். மாரிகுப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் ஏற ஏற, பங்காருபேட்டை வரும் முன் நிற்க இடம் இருக்காது. 1894இல் சுரங்கத்துக்காகப் போட்ட தண்டவாளம், இப்போது சுரங்கம் இழந்தவர்களைச் சுமந்து போனது. பெட்டியில் முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள் பலர். டிபன் பாக்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்கள். கேஜில் போவது போலவே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அப்பா சொல்வார். "ஒண்ணுதான் வித்தியாசம். இது பக்கவாட்டுல போவுது."

என் முதல் சம்பளத்தில் ஒரு வாக்மேன் வாங்கியிருந்தேன். ஒரு நாள் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இயர்போனின் ஒரு முனையை அவர் இடது காதில் வைத்தேன். மறு முனை எனக்கு. 'கிருஷ்ணா' ஓடியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாதிப் பாட்டில் என் கையைத் தொட்டார்.

"இந்தக் காது கேக்காது கண்ணு. டிரில்லிங்ல போயிடுச்சு. மாத்திக் குடு."

இருபத்திரண்டு வயது வரை அது எனக்குத் தெரியாது. அவர் எப்போதும் என்னை வலது பக்கம் நடக்கச் சொன்னது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. இடம் மாறி உட்கார்ந்தோம். கேஸட்டைத் திருப்பி ஓட்டி முதலிலிருந்து போட்டேன். கன்னட வரி வந்தபோது அவர் உதடு அசைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த, அவருடன் ஒரே ஷிஃப்டில் இறங்கிய ஒரு கன்னடக்காரர், "ஏனு ஹாடு?" என்ன பாட்டு என்று கேட்டார். அப்பா இயர்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

ஆயா 2003இல் போனாள். அப்பா 2011இல். நெஞ்சில் படிந்த தூசிதான் காரணம். 2018க்குப் பிறகு எங்கள் ஊரின் பெயரை நாடே சொல்கிறது, ஒரு சினிமாவின் பெயராக. எந்த ஊர் என்று கேட்கிறவர்கள், பதில் கேட்டதும் துப்பாக்கி சுடுவது போல் கை காட்டுகிறார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. அங்கே மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டால் மட்டும், போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன்.

காப்பி எடுத்த கேஸட் இன்னும் இருக்கிறது. ஓட்டத்தான் இயந்திரம் இல்லை. என் மகள் பெங்களூரில் பிறந்தவள். கன்னடம் சுத்தமாகப் பேசுகிறாள், தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சென்ற மாதம் கேஸட்டை எடுத்து அட்டையில் நான் பேனாவால் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, அப்படியென்றால் என்ன அம்மா என்று கேட்டாள்.

ஆயாவின் கேள்வியிலிருந்து தொடங்கினேன். முதலில் பங்காளி யார், மச்சான் யார் என்று விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.